கயோட்டிக்கு வைத்த குறி

கையில் ஓர் ஆயுதம் கிடைத்த பிறகும் அடக்கமாக இருக்கும் ஆண்பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் அந்த ரகம்தான். (அதுவரை கீபோர்டைத் தவிர எதையும் தட்டியறியாதவன் என்பது வேறு விஷயம்.)

தொண்ணூறுகளின் கடைசி. டெக்ஸாஸின் ரவுண்ட் ராக்கில் ஓடையை ஒட்டிப் புது வீடு. மகள் ப்ரியாவுக்கு உயிரே ஜிம்மி என்கிற பொமரேனியன் குட்டிதான். திடீரென்று பட்டப்பகலில் எங்கள் கொல்லைக்கு ஒரு கயோட்டி வர ஆரம்பித்தது. நரியும் நாயும் கலந்த முகம். அடுத்த தெருவில் ஒரு பூனையைத் தூக்கிப் போய்விட்டதாம். ப்ரியா ஜிம்மியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"டாடி, டூ சம்திங்!"

பக்கத்து வீட்டு டேல், வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய பழைய வில்லை இரவல் வாங்கினேன். நன்றாகப் பழகும்வரை கயோட்டி பக்கமே போகாதே என்றார். கேட்டேனா? சனிக்கிழமை காலை ஓர் அட்டைப்பெட்டியில் அம்பு தைத்ததுமே தலைகால் புரியவில்லை.

"வசந்தி! உன் புருஷன் யாருன்னு இன்னிக்குப் பார்ப்பே!"

"சாம்பார் ஆறிடுங்க. சீக்கிரம் அம்பை விட்டுட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

மதியம் வந்தது கயோட்டி. புல்வெளியில் நடுங்கிக்கொண்டிருந்த ஜிம்மியை ஏறெடுத்தும் பார்க்காமல், சமையலறைச் சுவரோரம் போய்த் தலையைக் குனிந்தது. இழுத்தேன், விட்டேன். நாண் என் கையில் பளாரென்று அறைந்தது. "ஐயோ அம்மா!" என்று நான் அலறியதில் ஜிம்மி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டான். அம்பு கயோட்டிக்கு மேலே பறந்து எங்கள் ஏசியின் வெளிப்பெட்டிக்குள் பாய்ந்தது. புஸ்ஸ்ஸ்! கயோட்டி கடைசிக் கவளத்தையும் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டியது.

சத்தம் கேட்டு ஓடி வந்த டேல், சுவரோரம் கிடந்த பேப்பர் தட்டைப் பார்த்தார். நெய்யும் பருப்பும் மினுமினுத்தன. கயோட்டிக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார்.

வசந்தி வாயில் கை வைத்தாள். "ஐயையோ, அது காக்காய்க்கு வைக்கிற சாதங்க! தினமும் மாமாவை நினைச்சுதான் வைக்கிறேன். தட்டு காலியா இருக்கும். மாமா வயிறாரச் சாப்பிட்டுப் போறார்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!"

மாமா என்றால் காலமான என் அப்பா. டேல் விழித்தார். ப்ரியா ஆங்கிலத்தில் விளக்கினாள்: அது தாத்தாவின் சாப்பாடு, சாப்பிட வந்தவர்மேல்தான் டாடி அம்பு விட்டார். டேல் என் கையிலிருந்து வில்லை வாங்கிக்கொண்டார்.

டெக்ஸாஸ் வெயிலுக்கு, ஏசி சரியாகும்வரை ஜிம்மி சகிதம் டேல் வீட்டில்தான் வாசம். வசந்தியின் ரசத்தை அவர் டம்ளர் டம்ளராகக் குடித்தார். சாதத் தட்டு மாடி ஜன்னலுக்குப் போனது; கயோட்டியும் வருவதை நிறுத்தியது. ஜிம்மி தின்று கொழுத்து, கிழவனாகித்தான் போய்ச் சேர்ந்தான்.

ப்ரியாவுக்கு இப்போது கல்யாணமாகி, சான் ஹோசேயில் இருக்கிறாள். அமாவாசை தவறாமல் மதியம் போன் வரும்.

"டாடி, லெட் தாத்தா ஈட். ப்ளீஸ் டோன்ட் ஷூட்!"