அணையாத அடுப்பின் முடிவு

"முடிவு என்னன்னு சொல்லுங்க அண்ணே. அப்புறம் முதல் இடத்தைப் பத்திப் பேசலாம்," என்றான் நஜிமுதீன்.

அழகிரியின் விரலிலிருந்த கல் சாணையில் பட்டுத் துள்ளி மடியில் விழுந்தது. உறையூரில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் அந்தப் பட்டறையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். அவர் கையிலிருந்து கல் துள்ளி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அங்கே கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கிற பத்து வாயும் சினிமாவைத் தவிர வேறென்ன பேசும்? மார்கழி பிறந்ததும் அந்த வருடத்தின் சிறந்த பத்துப் படங்களைப் பட்டறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் வரிசையாக எழுதுவார்கள். ஏழு வருடமாக எழுதுவது அழகிரி. முதலாளிகூட அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுப் பெண்களைப் படத்துக்கு அனுப்புவார். தெருவில் பாதிப் பேருக்கு அழகிரியின் பெயர் தெரியாது. வீட்டில் அவர் கேட்டால் தண்ணீர் வரவே அரை மணி ஆகும். அந்தக் கதவில் மட்டும் அவர் எழுதியதுதான் சட்டம்.

அறுபத்து நாலாம் வருடத்துக்கு அவர் முதல் இடம் என்று அறிவித்திருந்தது 'அணையாத அடுப்பு' படத்தை. நஜிமுதீனின் கட்சி 'வாளேந்திய வேடன்'.

"முடிவை நான் சொல்லிட்டா படம் பாக்காதவன் பாவம் இல்லையா?" என்றார் அழகிரி.

"இங்க அந்தப் பாவம் யாரும் இல்ல. பட்டறை மொத்தமும் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய் பூர்ணிமா டாக்கீஸ்ல பாத்துட்டு வந்தாச்சு. சும்மா சொல்லுங்க."

இங்கேதான் ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். அழகிரி தன் ஆயுளில் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்தது கிடையாது. பகல் முழுக்க மினுங்கும் கல்லை உற்றுப் பார்க்கிற கண் அது. கொட்டகையில் விளக்கு அணைந்தால் போதும், இமை தானாக இறங்கிவிடும். பேர் போட்டு முடிகிறவரை தாக்குப்பிடிப்பார், முதல் பாட்டுக்கு ஆள் இருக்கமாட்டார். ஜனகணமனவுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது பக்கத்து ஆள் தட்டி எழுப்புவார்.

மற்றதெல்லாம் கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தின் உபயம். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். அதுவும் நடுவழியில் நின்று 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று கையை விரித்துவிடும். அழகிரியும் சரியாக அந்த இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்வார். அதைப் பெருந்தன்மை என்று பட்டறை நம்பியது.

"இப்ப சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை லிஸ்ட் எழுதறப்ப சொல்றேன். முடிவை மட்டும் இல்ல, அந்த முடிவு ஏன் சரின்னும் சொல்றேன்."

"சொல்லலைன்னா?"

"சாக்பீஸ் உனக்கு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்.

டீ குடிக்கிற நேரத்தில் பக்கத்துச் சாணைக்காரன் பிச்சமுத்துவைத் தனியாகப் பிடித்தார். நேராகக் கேட்டால் குட்டு உடைந்துவிடும், அதனால் சுற்றி வளைத்தார்.

"அந்தக் கடைசி சீன் உன்னை என்ன பண்ணுச்சு, பிச்சமுத்து?"

"அதை ஏன் அண்ணே கேக்கறீங்க. ஓடிப்போன புருஷன் வந்து கதவைத் தட்டுறான். இவ திறந்ததும் அவன் கால்லயே விழுந்துடறா. நான் துண்டை வாயில வச்சு அழுதேன்."

அழகிரிக்கு உயிர் வந்தது. எதற்கும் ஊர்ஜிதம் செய்துகொள்ளலாமே என்று செல்லக்கண்ணுவிடம் போனார்.

"அவ கால்ல விழுந்தது கொஞ்சம் ஓவரோ?"

"கால்லயா?" செல்லக்கண்ணு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "அவ கதவையே திறக்கலைங்க. திரும்பி வந்து அடுப்புல இன்னொரு விறகை வைக்கிறா. பொம்பளைன்னா அப்படி இருக்கணும். நான் கண்ணால பாத்தேன்."

இரண்டு பேரும் பெற்ற தாயின் மேல் சத்தியம் செய்தார்கள். அழகிரிக்குப் புரிந்துபோயிற்று. இது நஜிமுதீன் வைத்த பொறி. ஆளுக்கு ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்திருக்கிறான். ஏழு வருடமாக இந்தப் பயல்களுக்கு ரசனை கற்றுக்கொடுத்தவர் அவர், அவரிடமே விளையாட்டா? இருக்கட்டும். படத்தைத் தானே பார்த்து, முடிவைக் கொண்டுவந்து நடுப் பட்டறையில் போட்டுவிட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனார். சட்டைப் பையில் நாலு பச்சை மிளகாய். தூக்கம் வந்தால் ஒரு கடி.

முதல் மிளகாய் முதல் பாட்டிலேயே தீர்ந்தது. நாக்கு எரிந்தது, காது அடைத்தது, ஆனால் தூக்கம் நிஜமாகவே போய்விட்டது. வெற்றிக் களிப்பில் இமையைக் கசக்கினார், மிளகாய் பிடித்த அதே விரலால். அதற்கப்புறம் படம் முழுவதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். பின் வரிசையில் ஒரு பெரியவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுங்க, கதைதானே," என்றார்.

மறுநாள் பட்டறைக்குள் நுழையும்போதே பிச்சமுத்து எழுந்து நின்றான்.

"நேத்து பூர்ணிமாவுல தேம்பித் தேம்பி அழுதீங்களாமே அண்ணே. என் மச்சான் பாத்துட்டு வந்து சொன்னான். வயித்துவலியோட போயிருக்கீங்க. ரசிகன்னா நீங்கதான்."

விஷயம் முதலாளி வரைக்கும் போய்விட்டது. "திங்கக்கிழமை நானும் வரேன்யா. அந்த முடிவை உன் வாயால கேக்கணும்," என்றார் அவர். இன்னும் நாலு பட்டறைக்காரர்களையும் கூட்டி வருவதாகச் சொன்னார். நஜிமுதீன் மட்டும் தலை நிமிராமல் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சாணைச் சத்தம் அழகிரியை அறுத்தது.

சனிக்கிழமை சோறு இறங்கவில்லை. மனைவி வள்ளிக்கண்ணு தட்டைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"தெரியலைன்னு சொல்லிட்டுப் போங்களேன். குடியா முழுகிடும்?"

"தெரியலைன்னா? நானா? தூங்கினேன்னு சொல்லச் சொல்றியா? தலை போனாலும் சொல்ல மாட்டேன். நீ என்கூட வா. கண்ணு சொருகுறப்ப கிள்ளு."

"கல்யாணமான புதுசுல ஒரு தடவை வந்து பட்டது போதும். எவரோ ஒருத்தர் தோள்ல சாஞ்சு தூங்கினீங்க. அவர் பொண்டாட்டி என்னை முறைச்ச முறை இன்னும் மறக்கல. உக்காந்தாத்தானே தூங்குவீங்க? நின்னுக்கிட்டே பாருங்க."

பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் சொன்ன யோசனையை அழகிரி கேட்டது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்தில், டிக்கெட் கிழிக்கும் வீரமலைக்குப் பக்கத்தில், வாசல் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

"உள்ள சீட் நிறைய இருக்குங்களே," என்றான் வீரமலை.

"எனக்கு நின்னு பாத்தாத்தான் படம் பிடிபடும்."

வீரமலை எத்தனையோ பைத்தியங்களைப் பார்த்தவன். அடுத்த ஆளின் டிக்கெட்டைக் கிழித்தான்.

முதல் பாட்டு போயிற்று. அழகிரி நின்றார். இடைவேளை வந்தது, அப்போதும் விழித்திருந்தார். இடைவேளைக்கு அப்புறமும் ஒரு படம் இருக்கிறது என்பதே அவருக்குப் புதுசு. அந்தப் பெண் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இட்லி சுட்டு விற்கிறாள், ஊர் பேசுகிறது, அவள் யாருக்கும் தலை குனியவில்லை. அழகிரிக்குக் கண்ணில் நீர் வழிந்தது. இந்தத் தடவை மிளகாய் இல்லை. பார்க்காமலே முதல் இடம் கொடுத்திருக்கிறோம், கொடுத்தது சரிதான் என்று தெரிந்தபோது அப்படி ஒரு சந்தோஷம். நஜிமுதீன் வரட்டும், வேடனும் வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம்.

வெளியே மழை கொட்டுகிறது. கதவு தட்டப்படுகிறது. அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வருகிறாள். தாழ்ப்பாளின் மேல் கையை வைக்கிறாள்.

திரையில் 'வணக்கம்' என்று வந்தது. ஜனகணமன ஒலித்தது.

சனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நகர்ந்தார்கள். "என்ன முடிவுய்யா, கல்லும் கரையும்," என்றபடி ஒருவர் அழகிரியை இடித்துக்கொண்டு போனார்.

அழகிரி அசையவில்லை. நின்றுகொண்டே தூங்கியிருக்கிறார். இரண்டே முக்கால் மணி நேரம் விழித்திருந்துவிட்டு, கதவு திறக்கிற நேரம் பார்த்துத் தூங்கியிருக்கிறார். இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இவர் சினிமாவுக்கு நீதிபதி. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறிக் கோபம் வந்தது. நாளைக்கு முதலாளி வருவார், அடுத்த பட்டறைக்காரர்கள் வருவார்கள். வரட்டுமே. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று தெரியாமல் இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று வாசலை மறித்து நின்றார்.

கொட்டகை காலியானது. வீரமலை கதவை இழுத்துச் சாத்த வந்தான்.

"சாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க," என்றார் அழகிரி. "நான் தூங்கிட்டேன். ஆமா, தூங்கிட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல, பாத்த படத்துல எல்லாம் தூங்கியிருக்கேன். பட்டறையில பத்துப் பேரை ஏழு வருஷமா ஏமாத்திட்டேன். நாளைக்கு அவங்க முன்னாடியும் இதையே சொல்லிடுவேன், சாக்பீஸ் போனாப் போகட்டும். ஆனா அவ கதவைத் திறந்தாளா, இல்லையா? அது தெரியாம நான் போக மாட்டேன்."

வீரமலை இரண்டு பக்கமும் பார்த்தான். மானேஜர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு அழகிரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"கடைசி ரீல் எங்களுக்கு வந்து சேரவே இல்லைங்க, நாப்பது நாளா அவ தாழ்ப்பாள் மேல கை வச்சதோட நிறுத்தி வணக்கம் போட்டுடறோம்; இந்தப் படத்துக்கு வந்த இத்தனை ஆயிரம் பேர்ல முழிச்சிருந்து பாத்த ஆள் நீங்க ஒருத்தர்தான்."