பட்டமரத்தில் எட்டாம் இலக்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வாழ்நாளில் ஒரே ஒரு நீச்சல் போட்டியில் நான் பங்குபற்றியிருக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, நீந்தத் தெரியாது. (தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் மோசம்.)

அக்கராயனில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணறு, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதோடு சரி. இங்கே வீட்டுக்கு முன்னால் அவ்வளவு பெரிய குளம் கிடந்தும், முழங்காலுக்கு மேல் நனைய எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஒரு கார்த்திகையில் என் மனைவி பாக்கியத்தின் தம்பி நடராசா குளிக்க இறங்கி, ஆழத்தில் கால் வைத்துவிட்டான். குளக்கட்டில் ஆம்பிளைகள் நாலு பேர் நின்றோம். நாலு பேரும் நன்றாகக் கத்திக் குளறினோம். சைக்கிளில் புடைவை விற்க வந்த முல்லைத்தீவுக் காசிம்தான் பாய்ந்து தூக்கி வந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாக்கியம் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். "சோறு போட்டிருக்கு", "மாடு அவிட்டிட்டுது". ஒரு வருசமாக வீட்டில் அவ்வளவுதான் கதை. திவசம் முடிந்த கையோடு, பொங்கலுக்கு மறுநாள் குளத்தில் நீச்சல் போட்டி என்று அறிவித்தார்கள். குளக்கட்டிலிருந்து தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். அவளுடைய கண்ணுக்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் கடந்து காட்டாவிட்டால் நான் மனுசனே இல்லை என்று முடிவெடுத்து, பெயர் கொடுத்தேன். எட்டாம் இலக்கம்.

பழக்கியவன் காசிம். முதலில் பயம் தெளியட்டும் என்று, உடுத்திருந்த சாரத்தை நனைத்துக் காற்றுப் பிடித்து, அதன் வாயை முடிந்து நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு மிதக்கச் சொன்னான். இரண்டு நாளைக்குத்தான், பிறகு அதை விட்டுவிட வேண்டும் என்றான். எனக்கோ அது சொர்க்கமாக இருந்தது. இரண்டு மாதம் விடவேயில்லை. மிதந்தது சாரம், பெருமைப்பட்டது நான். அவன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்க் கடைசியில் எனக்காகத் தொழப்போவதாகச் சொன்னான்.

போட்டியன்று மற்றவர்கள் எல்லோரும் களிசான் போட்டுக்கொண்டு வந்த இளந்தாரிகள். நான் மட்டும் சாரத்தோடு இறங்கினேன். சனம் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் பாக்கியம் சிரிக்காமல் நின்றாள். விசில் அடித்ததும் நெஞ்சுக்குக் கீழே பூசணிக்காய் மாதிரிச் சாரம் ஊதிக்கொண்டு நிற்க, நான் காலடித்துப் போனேன். மற்றவர்கள் திரும்பி என்னைத் தாண்டிக் கரைக்குப் போகும்போது, நான் மரத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. காற்றுப் போனது. பின்னால் சாரமும் போனது.

அந்த நேரத்தில் நடராசாவுக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது. காது அடைத்தது. மூக்கால், வாயால் தண்ணீர் போனது. கூப்பிடக்கூட முடியவில்லை. அடித்த அடியில் கை பட்டமரத்தில் பட்டது, எப்படி ஏறினேன் என்று தெரியாது. கிளையில் இருந்த நீர்க்காகங்கள் எனக்கு இடம் விட்டுப் பறந்தன. உடம்பில் ஒரு நூல் இல்லை. முழு ஊரும் குளக்கட்டில் நிற்கிறது.

முதல் மூன்று பேருக்கும் பரிசு கொடுத்து முடிந்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஒருவர் மிகவும் மரியாதையாக அறிவித்தார்: "எட்டாம் இலக்கம் இன்னும் மரத்தில் நிற்கிறார்."

காசிம் ஒரு வள்ளத்தைத் தேடிப் பிடித்து, விற்கக் கொண்டுவந்த புதுச் சாரம் ஒன்றை நீட்டி, என்னை ஏற்றி வந்தான். கரையில் இறங்கினேன், குந்தியிருந்து, குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தேன். பாக்கியம் அத்தனை பேருக்கு முன்னால் வந்து, சேலைத் தலைப்பால் என் தலையைத் துடைத்தாள்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு நீங்களும் இறங்கியிருந்தா ரெண்டு பிணமெல்லோ வீட்டை வந்திருக்கும்," என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறி, அழுகை திரும்பவும் சிரிப்பானது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல். அன்று இரவே என்னோடு பழையபடி கதைக்கத் தொடங்கினாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்கினால், "மரத்தைப் பாத்து வைச்சிட்டு இறங்குங்கோ" என்பார்கள். பிள்ளைகள் சொல்வார்கள், மருமக்களும் சொல்வார்கள், எல்லோரையும்விடக் கூடச் சிரிப்பவள் பாக்கியம்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சிரித்துக்கொண்டே ஒன்றை மட்டும் வாய்க்குள் வைத்திருக்கிறேன். அந்தப் பங்குனியில் காசிமைப் பிடித்து, விடியுமுன் போய், சாரமில்லாமல், ஒழுங்காகப் பழகினேன். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. அதே பட்டமரத்துக்கு மூச்சு வாங்காமல் போய்த் திரும்பினேன். பழக எனக்கு எடுத்தது இருபது நாள். நடராசா தண்ணீரில் தாண்டுபோவதற்கு முன்னால் நாங்கள் அந்தக் குளத்தடியில் நாலு வருசம் இருந்தோம். காசிமும் அந்த நாலு வருசமும் வாரம் தவறாமல் எங்கள் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனவன்.

எனக்கு நீந்தத் தெரியும் என்று இன்றுவரை நான் பாக்கியத்துக்குச் சொல்லவில்லை.