தாசில்தார் வாங்காத மனு

பதினெட்டு வருடமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். ஆனால் நாயின் நகத்துக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது என்கிற பாடத்தை எனக்கு நடத்தியது ஒரு நாய்தான். (புத்தகத்தில் மண்புழு இருக்கிறது, கரப்பான் பூச்சி இருக்கிறது, தவளை இருக்கிறது. நாய் இல்லை. இதுதான் என் தரப்பு வாதம். வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை.)

அந்த நாயின் பெயர் தாசில்தார். வைத்தவர் என் அப்பா. சிவகங்கை தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, தாசில்தார் ஆகாமலே ரிட்டயர் ஆனவர். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தபோது, செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டி எங்கள் காரைக்குடி வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது. "நான் ஆகலேன்னா என்ன, நம்ம வீட்ல ஒருத்தராவது ஆகட்டும்" என்று அப்பா அன்றைக்கே பதவியேற்பு நடத்திவிட்டார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதவிக்கு மரியாதை வேண்டுமே! வீட்டில் யாரும் அதை "வா, போ" என்று பேசக்கூடாது. "தாசில்தார் சாப்ட்டீகளா? வெயில்ல எதுக்குப் படுத்திருக்கீக? இங்குட்டு வாங்க" என்றுதான் அப்பா பேசுவார். நாற்பத்து மூன்று வயது வாத்தியாரான என்னை "வாடா" என்பார். நாய்க்கு "வாங்க". இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மனு நேரம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டி, "மனு வாங்குறீகளா?" என்று கேட்பார். தாசில்தார் எதிரே வந்து அமர்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி அந்தக் கையில் வைக்கும். மனு ஏற்கப்பட்டது என்று அர்த்தம். (வெறும் கையோடு மனு கொடுக்க முடியாது, கூட ஒரு பிஸ்கட் வேண்டும். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன், நானும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன்.) அப்பாவிடம் மட்டுமல்ல, என்னிடமும், என் மனைவி சுமதியிடமும், பால்காரரிடமும்கூட அது மனு வாங்கியது. பாகுபாடு பார்க்காத அதிகாரி.

ஆனால் ஒன்று. அதுவாகக் காலைக் கொடுத்தால் உண்டு. நாமாகப் போய் அதன் காலைத் தொட்டால் உறுமும். பாதத்தில் முள் குத்தினால்கூட அதுவே பல்லால் எடுத்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும்போது அப்பாவுக்குக் கண்புரை வந்தது. தினமும் விடிந்ததும் தாசில்தாரோடு ரயில்வே ரோடு வரை நடந்துவிட்டு வருகிறவர், ஒருநாள் வேகத்தடை தெரியாமல் விழப் பார்த்தார். அன்றோடு நடை நின்றது. "ஆபரேசன் ஆகுற வரைக்கும் நீ கூட்டிட்டுப் போடா. அரை மணி நேரந்தான்" என்று என்னிடம் சொன்னார். "ஆகட்டும்ப்பா" என்றேன்.

நான் செய்தது இதுதான். காலையில் கைலியோடு போய்க் கேட்டைத் திறந்துவிடுவேன். தாசில்தார் எதிர்வீட்டு வேப்பமரம் வரை போய்விட்டு, ரயில்வே ரோடு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவோம். "நடந்தாச்சாடா?" என்று அப்பா கேட்பார். "ஆச்சுப்பா." இப்படி மூன்று மாதம்.

ரோட்டில் தேய வேண்டிய நகம், வீட்டுக்குள்ளே ஆத்தங்குடிக் கல் தரையின் வழவழப்பில் எப்படித் தேயும்? வளர்ந்தது. தாசில்தார் ஹாலில் நடந்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும். "ஆபீஸ்ல டைப் அடிக்கிறாக போல" என்று அப்பா ரசிப்பார். அது ஏன் வளர்ந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதுரையில் ஆபரேசன். நாச்சியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற என் அக்கா கூடப் போயிருந்தாள். மறுநாள் காலையில் போன் செய்தாள். "டேய் தம்பி, கட்டைப் பிரிச்சுட்டாக. பளிச்சுன்னு தெரியுதாம். நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம். டாக்டரு குனியக்கூடாதுன்னுட்டாக. கண்ணுல எதுவும் பட்டுறக்கூடாதாம். தாசில்தாரை நெனச்சாத்தான் பயமா இருக்கு, அப்பாவைப் பாத்தா மேல ஏறிருவாகளே."

ஏறும். அரைநாள் பிரிந்திருந்தாலே இரண்டு காலில் நின்று அப்பாவின் நெஞ்சில் கை வைக்கும். அந்த நகமோ கத்தி மாதிரி வளர்ந்திருந்தது. கட்டிப் போட்டிருக்கலாம். அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கலாம். அதெல்லாம் சாதாரண மூளைக்குத் தோன்றுவது. எனக்கு நகத்தை வெட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

கடைக்குப் போய் நாய்க்கென்றே விற்கும் நகவெட்டி வாங்கி வந்தேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஒரு நாய், ஒரு பெண்ணின் மடியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அவள் மூன்றே நிமிடத்தில் எல்லா நகத்தையும் வெட்டிவிட்டாள். நடுவில் ஏதோ எச்சரிக்கை சொன்னாள். நேரமாகிறது என்று அதைத் தள்ளிவிட்டேன்.

"மாட்டு டாக்டரைக் கூப்பிடுவோங்க" என்றாள் சுமதி. "அவுகளுக்குத்தான் காலைத் தொட்டா ஆகாதுல்ல?"

"நான் என்ன பாடம் எடுக்குறேன்னு நெனச்ச?" என்றேன்.

முதல் முயற்சி, தூங்கும்போது. அருகில் போய் உட்கார்ந்ததுமே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, எழுந்து வேறு அறைக்குப் போய்ப் படுத்தது. இரண்டாவது முயற்சி, ஜமுக்காளம். போர்த்தி அமுக்கிப் பிடிப்பதாகத் திட்டம். அரை நிமிடத்தில் ஜமுக்காளத்துக்குள் நான் இருந்தேன், தாசில்தார் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிரைண்டரில் மோதி முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். "போதும், வெளியில வாங்க" என்று சுமதி சிரித்துக்கொண்டே ஜமுக்காளத்தைத் தூக்கினாள். அதோடு விட்டிருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அப்பா வருகிறார் என்று சுமதி வெள்ளைப் பணியாரம் ஊற்றி வைத்திருந்தாள். அதில் ஒன்றை எடுத்தேன். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். நகவெட்டியைத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி, "மனு வாங்குறீகளா?" என்று கேட்டேன்.

தாசில்தார் கொஞ்சம் யோசித்தது. காலையிலிருந்து நான் செய்த கூத்தையெல்லாம் அது பார்த்திருந்தது. இருந்தாலும் எழுந்து வந்தது. எதிரே அமர்ந்தது. வலது காலைத் தூக்கி என் கையில் வைத்தது.

பணியாரத்தைக் கொடுத்தேன். அது மெல்லும்போது ஒரு நகம். டிக். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு பணியாரம், இன்னொரு நகம். டிக். நான் சுமதியைப் பெருமையோடு பார்த்தேன். அவளைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது நகத்தை வெட்டினேன்.

வீடியோ நாய்க்கு வெள்ளை நகம், உள்ளே இருக்கிற ரத்தக் குழாய் ரோஜா நிறத்தில் வெளியே தெரியும். தாசில்தாருக்குக் கறுப்பு நகம். எதுவும் தெரியாது. அது போட்ட கத்தலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கடிக்கவில்லை. கடித்திருக்க வேண்டும், என் கை அதன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தது, காலை இழுத்துக்கொண்டது, ஓடியது. கடித்திருந்தால் ஊசி போட்டுக்கொண்டு நானும் மறந்திருப்பேன்.

ஹால், அடுப்படி, மறுபடி ஹால். போன இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். அப்பாவுக்காக விரித்திருந்த புது வெள்ளை விரிப்பில் ஏறி இறங்கி, கடைசியில் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டது. நான் மஞ்சள் தூளோடு குப்புற ஊர்ந்து போனேன். உறுமியது. பணியாரத்தை நீட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

சுமதி கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "பயப்படாதீக, மைதா மாவை வச்சு அமுக்கிப் பிடிங்க, நின்னுரும். ஆமா, நகம் எப்புடி சார் இவ்வளவு வளந்துச்சு? தினம் நடக்கக் கூட்டிட்டுப் போறதில்லையா?"

"போறோமே" என்றேன். சுமதி என்னைப் பார்த்தாள்.

மாவை அவள்தான் வைத்தாள். அவளைக் கிட்டே விட்டது. ரத்தம் நின்றது. அதற்குப் பிறகு இருவரும் ஈரத்துணியோடு மண்டியிட்டுத் தரையைத் துடைத்தோம். எங்கள் ஹால் கல்லில் மூலைக்கு மூலை சிவப்புப் பூ உண்டு. எது பூ, எது ரத்தம் என்று தெரியாமல் பூவை எல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் சத்தம் கேட்டது.

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நிலைப்படியில் நின்றார். "தாசில்தார், நான் வந்துட்டேன்" என்று கூப்பிட்டார். எதுவும் ஓடி வரவில்லை. நெஞ்சில் கை வைக்க வருவதைத் தடுக்க அக்கா முன்னால் குடையை வேறு நீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. அப்பா தரையைப் பார்த்தார்.

"இந்தக் கல்லுல நடுவுல ஏதுடா சிவப்பு?"

"குங்குமம்ப்பா. கொட்டிருச்சு."

"குங்குமம் வரிசையாக் காலடி வச்சுக் கட்டிலுக்கு அடியில போகுமாடா?"

மூன்று மாதமாக என் முகமே மங்கலாகத் தெரிந்த மனுஷர். புதுக் கண்ணால் எங்கள் வீட்டில் அவர் முதன்முதலாகப் பார்த்தது அதுதான். அக்கா மட்டும் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். குனியக்கூடாதே, அதனால் கையை மட்டும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, "அவுக கால்ல என்னடா பண்ணுன?" என்று கேட்டார். சொன்னேன். "ஒங்க கண்ணுக்காகத்தான்ப்பா செஞ்சேன்" என்றும் சொன்னேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தாசில்தார் மெல்ல நகர்ந்து வந்து அவர் கையை நக்கியது. அதன் பிறகுதான் அப்பா பேசினார். "நான் ஒன்னைய நகமா வெட்டச் சொன்னேன்? நடக்கக் கூட்டிட்டுப் போன்னுதானே சொன்னேன்."

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாள் விடிந்ததும் நானே தாசில்தாரை ரயில்வே ரோடு வரை கூட்டிப் போனேன். நொண்டிக்கொண்டே வந்தது. அடுத்த ஆறு வருடம், மழை பெய்தாலும், பள்ளிக்கூடம் போகத் திருப்பத்தூர் பஸ்ஸுக்கு நேரமானாலும், ஒரு நாளும் விட்டதில்லை. என்னோடு நடந்தது, நான் வைத்ததைச் சாப்பிட்டது, பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வாலும் ஆட்டியது. மனு மட்டும் வாங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு முன்னங்காலையும் மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளும். பால்காரருக்குக் கால் நீட்டும்.

இதை முதலில் கவனித்தவள் அக்கா. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் நான் போய் உட்கார்ந்ததும், "வாத்தியாரு வந்துட்டாக, காலை மடக்குங்க!" என்று ஒரு குரல் எழும். பந்திப் பாயில் வரிசையாக எல்லோரும் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், முன்னே பின்னே என்னைத் தெரியாத மாப்பிள்ளையும் மடக்கினார். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது?

போன வைகாசியில் தாசில்தார் படுத்தது. காலையில் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, தொந்தரவு பண்ணாமல் விட்டுவிடுங்கள் என்றார். அப்பாவின் கட்டிலுக்கு அடியில், அதே இடத்தில், ஒருக்களித்துக் கிடந்தது. அப்பா மேலே உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தது. நீட்டியிருந்த முன்னங்கால்கள் லேசாக அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன.

"ஒன்னையப் பாத்துட்டாகடா" என்றார் அப்பா. "காலை மடக்கப் பாக்குறாக. முடியல."

நான்தான் மடக்கிவிட்டேன். இடது காலை முதலில், பிறகு வலது காலை, மெதுவாக வயிற்றுக்கு அடியில் வைத்தேன். வலது கால் ஒரு நொடி என் உள்ளங்கையில் இருந்தது. தினமும் நடந்து நடந்து நகமெல்லாம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. அந்த ஒரு நொடியை மனு வாங்கியதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை.