இரும்பைக் கடித்த முனி

பந்தல்குடி ரோட்டு நூற்பாலைக்கு அந்த வெள்ளிக்கிழமை வந்த கூட்டத்தில் யாரும் நூல் வாங்க வரவில்லை. முனி கடித்த இரும்பைத் தலையில் வைத்துக்கொள்ள வந்திருந்தார்கள். காரியாபட்டியிலிருந்து இரண்டு வேன். திருச்சுழியிலிருந்து ஷேர் ஆட்டோக்கள். முட்டுவலி தீர ஒருவர், பரீட்சையில் பாஸாக ஒருவர், மருமகள் வாயை மூட ஒருவர். ஒரே இரும்பு, எல்லா நோய்க்கும் மருந்து!

அது டர்பைன் பிளேடு. ஆலைக்கு மின்சாரம் தர எரிவாயு டர்பைன் ஒன்று உண்டு. வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எரிவாயுவோடு கொளுத்தும். அந்தச் சூட்டுக்காற்றின் வேகத்தில் உள்ளே வரிசையாக நிற்கும் பிளேடுகள் சுழலும். வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய பிளேடுகள் இந்த வருடம் நாலே மாதத்தில் ஓரம் அரித்துப் பல் பல்லாகிவிட்டன. முதலாளி காளீஸ்வரன் வெளிநாட்டில் படித்தவர். ஆகவே சாமியாரை வரவழைத்தார்.

வந்தவர் கருத்தப்பாண்டி. 'இரும்புச் சித்தர்' என்பது அவரே அவருக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். பிளேடை முகர்ந்து பார்த்தார். கண்ணை உருட்டினார்.

"முனி கடிச்சிருக்கான். அவன் போற பாதையை அடைச்சு வச்சிருக்கீக. வழி விடுங்க."

காற்று உள்ளே போகும் இடத்தில் வரிசையாக மாட்டியிருந்த வடிகட்டிகளில் இரண்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். ஓட்டைக்கு நேர் எதிரே ஹோமம் வளர்த்தார். "அமாவாசைக்குள்ள இன்னும் கடிப்பான், பாருங்க" என்றார். அமாவாசையன்று திறந்து பார்த்தார்கள். கடித்திருந்தான்! அப்புறம் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா?

முனியின் கோபம் தணிய சித்தர் கடைசியாக ஒரு பரிகாரம் சொன்னார். "தாலியறுத்த பொம்பள ஒருத்தி அந்தக் காத்துக்குழாய்க்குள்ள போயி வாரா. அவளை வெளிய அனுப்பணும்."

அவள் பெத்தம்மாள். புருஷனைப் பறிகொடுத்தவள். மெஷினை நிறுத்தும் நாட்களில் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கூட்டி எடுப்பவள். அவள் வாங்கும் கூலியில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். நாலு மாதமாக ஒரே விஷயத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ளாற மண்ணு கெடக்கு. வடிகட்டி ஒண்ணு கிழிஞ்சிருக்கு." கூட்டுகிறவள் சொன்னால் யார் கேட்பார்கள்? சித்தர் மட்டும் கேட்டிருந்தார். அதனால்தான் பரிகாரம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நடுவே அவளைக் கணக்கு முடித்துப் போகச் சொன்னார் காளீஸ்வரன். பெத்தம்மாள் அழவில்லை. ஒரு கையில் வாளியும் மறு கையில் ஸ்டோரிலிருந்து எடுத்த புதுப் பிளேடுமாக வந்து நின்றாள்.

"போறேன் மொதலாளி. அதுக்கு முந்தி சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும். முனி இப்ப இங்க இருக்காரா?"

"இருக்கான்" என்று உறுமினார் சித்தர்.

"அப்ப இந்தப் புதுப் பிளேடை எங்க கண்ணு முன்னால கடிக்கச் சொல்லுங்க."

"நீ சொன்ன நேரத்துக்கா கடிப்பான்? அதுக்கு நாளு இருக்கு."

"அவருக்கு நாளாகும். எனக்கு அஞ்சு நிமிசம் போதும்" என்றாள் பெத்தம்மாள். "குழாய்க்குள்ள கூட்டுன மண்ணுதான் இந்த வாளியில இருக்கு. லாரி கெளப்புன தூசி, சாமி வளத்த ஹோமச் சாம்பல், எல்லாம் சேர்ந்த மண்ணு. ஜாபேஸ் தம்பி, துரு எடுக்கக் காத்தோட மண்ணைப் பீச்சி அடிப்பியே, அந்த ஹோஸைக் கொண்டா."

ஃபிட்டர் ஜாபேஸ் கொண்டுவந்தான். வாளி மண்ணை அதன் தொட்டியில் கொட்டினான். புதுப் பிளேடைப் பிடிப்பானில் இறுக்கினான். ஹோஸைத் தூக்கினான்.

அப்போதுதான் அது நடந்தது. கூட்டம் வாயைப் பிளந்து முன்னால் நெருங்கிக்கொண்டிருக்க, சித்தர் மட்டும் சட்டென்று துண்டால் மூக்கையும் வாயையும் கட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஜாபேஸின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஜாபேஸ் கூட்டத்தை விலக்கிவிட்டு அடித்தான். ஐந்து நிமிடம். தூசி அடங்கியதும் பிளேடைக் கழற்றி, தாம்பாளத்தில் மஞ்சள் துணியில் இருந்த முனி கடித்த பிளேடுக்குப் பக்கத்தில் வைத்தான். அதே ஓரம். அதே பல். குங்குமம் மட்டும்தான் குறைந்தது.

"சாமி, அப்ப நான் வால்வையே தெறக்கல. அதுக்குள்ள மூக்கைக் கட்டிக்கிட்டுப் பின்னால ஒதுங்குனீக. இது மண்ணடிச்சுப் பழகுன ஆளு செய்யுற வேலையாச்சே. எந்தப் பட்டறையில இருந்தீக?" என்று கேட்டான் ஜாபேஸ்.

"பட்டறை இல்லப்பா, கப்பல் யார்டு" என்று திருத்திய பிறகுதான் சித்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

துருவிக் கேட்டதில் மிச்சமும் வந்தது. தூத்துக்குடியில் எட்டு வருடம் கப்பலுக்குத் துரு எடுக்க மண்ணடித்த வேலை. மண் பட்டால் இரும்பு என்ன ஆகும் என்று நம் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அங்கே இரும்பில் அடித்ததை இங்கே ஜனங்களின் கண்ணில் தூவினார், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று அவர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிய வேகத்தில் ஒரு டர்பைன் ஓட்டியிருக்கலாம்.

சாயங்காலமே புது வடிகட்டிகள் மாட்டினார்கள், பிறகு புதுப் பிளேடுகளும். அடுத்த மாதம் திறந்தபோது பிளேடு வைத்தது வைத்தபடி இருந்தது. காளீஸ்வரன் பெத்தம்மாளைக் கூப்பிட்டு, "தப்பு நடந்துபோச்சும்மா" என்றார். யார் செய்த தப்பு என்று சொல்லவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள்.

அவள் திரும்பிய மறு வெள்ளிக்கிழமை காரியாபட்டி வேன் மறுபடியும் வந்தது. கையில் மாலை, தேங்காய். நேரே பெத்தம்மாளிடம் வந்து காலில் விழப் போனார்கள். "ஆத்தா, ஒங்க கையால ஒரு பிடி மண்ணு குடுங்க. எந்தெந்தக் கிழமை குறி சொல்லுவீக?"

பெத்தம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"இப்பவே சொல்லுறேன், கேட்டுக்கோங்க. எவன் எதைச் சொன்னாலும் எப்படின்னு கேக்காம வேன் ஏறுற வரைக்கும், ஒங்களுக்கு அடுத்த சித்தரு கெடைச்சுக்கிட்டேதான் இருப்பாரு. இந்தக் குறி கட்டாயம் பலிக்கும்."