ஆடும்போது வயரை யார் பிடுங்குவார்கள்?

அன்புள்ள மருமகளுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரனுக்கும் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அத்தை சுகமாக இருக்கிறாள். நான் இல்லை. காரணம் உடம்பு அல்ல, ஓர் ஆள். அந்த ஆளோடு போன வருடம் ஏதோ மாநாட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடித்ததாகச் சொன்னாயே, அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு. என் மகனுக்கு எழுதியிருக்கலாம். அவன் எதற்கும் “விடுங்கப்பா” என்பான். விடுகிற ஆளாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். மின்னஞ்சலில் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். இந்த நான்கு மாதத்தில் எனக்கு மின்னஞ்சலே கசந்துவிட்டது. நான் ஒரு பக்கம் எழுதினால் அந்த ஆள் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் கீழே ஒரு கேள்வியைச் செருகி அனுப்புகிறார். காகிதத்தில் நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் நடுவில் புக முடியாது.

விஷயம் உனக்குப் பாதி தெரியும், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும். உன் அத்தைக்குக் காது முழுவதும் போன பிறகு, எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அந்த இலவச சிஸ்டத்தைப் போட்டு, கார் பந்தய விளையாட்டையும் போட்டு, இரண்டு கன்ட்ரோலரும் வாங்கிக் கொடுத்தாய். சக்கரம் ரோட்டை விட்டு இறங்கினால் கையில் அதிரும், சத்தம் கேட்கத் தேவையில்லை என்றாய். அதிரவில்லை. கடைக்காரர் உன் தலையில் கட்டியது அசலைப் போலவே இருக்கிற வேறொன்று. அதை அதிரவைக்கிற டிரைவர் என்கிற நிரல், சிஸ்டத்தின் அடிமடியில் ஓடுகிற அந்த கெர்னலில் இல்லை. “எல்லாருக்கும் திறந்திருக்கிற நிரல்தானே மாமா, நீங்களே சரிபண்ணிடலாம்” என்று போனில் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொன்னாய், எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம் மோட்டாரைப் பற்றிச் சிரிக்கலாமா? அன்றைக்கே கன்ட்ரோலரைத் திறந்தேன். இடது கைப்பிடியில் பெரிய எடை மாட்டிய மோட்டார், வலதில் சின்னது. நூலகத்தில் புத்தகம் எடுத்து சி மொழி படித்து, எந்த எண்ணை அனுப்பினால் எந்த மோட்டார் சுற்றுகிறது என்று ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்து, ஏழாவது வாரம் அது உன் அத்தையின் கையில் உறுமியது. அவள் ரோட்டை விட்டுவிட்டு வேண்டுமென்றே புல்வெளியில் இரண்டு சுற்று ஓட்டினாள்.

“புல்லு மேல போனா நல்லா இருக்குங்க” என்றாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை சிஸ்டம் அப்டேட் ஆகும்போதும் என் டிரைவர் அழிந்துபோகிறது, நான் உட்கார்ந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு நான்கு நாள் நான் இல்லாதபோது ஓர் அப்டேட் வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் அவளுடைய கன்ட்ரோலர், வயர் சுற்றப்பட்டு, டிவி மேஜையின் இழுப்பறைக்குள் கிடந்தது. கேட்டதற்கு “சும்மாதான், ஆடத் தோணல” என்றாள். எனக்கு எழுபத்தொன்று. நான் கட்டிக்கொண்டே இருக்க முடியாது. அது கெர்னலுக்குள்ளேயே போய்விட வேண்டும், யார் அப்டேட் செய்தாலும் அதிர வேண்டும் என்று முடிவுபண்ணித்தான் நான் எழுதிய வரிகளைப் பேட்ச் என்கிற திருத்தமாகக் கட்டி, கெர்னலைப் பராமரிக்கிற குழுவுக்கு அனுப்பினேன். அதை ரிவ்யூ செய்ய வந்தவர்தான் இந்த மனிதர்.

முதல் முறை, டேப் பொத்தானைத் தட்ட வேண்டிய இடத்தில் எட்டு இடைவெளி வைத்திருக்கிறேன் என்று திருப்பினார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், போகட்டும் என்று மாற்றினேன். இரண்டாம் முறை, விளக்கக் குறிப்பு நாற்பது வரி இருக்கிறதாம், அதில் லிஃப்டைப் பற்றிய முப்பத்தோரு வரியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன், மனசில்லாமல். மூன்றாம் முறை, அதிர்வுக் கட்டளையை நான் அனுப்புகிற இடத்தில் கெர்னல் ஒரு நொடிகூடக் காத்து நிற்கக் கூடாது, கட்டளையை வரிசையில் போட்டுவிட்டு நகர வேண்டும் என்றார். இது நியாயம்தான். நியாயம் என்று நான் அவருக்கு எழுதவில்லை, செய்துமட்டும் அனுப்பினேன். நான்காம் முறை ஒரே ஒரு கேள்வி: கட்டளை வரிசையில் காத்திருக்கும்போது யாராவது கன்ட்ரோலரின் வயரைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்?

நீயே சொல்லம்மா, கார் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் வயரைப் பிடுங்குவார்கள்? பிடுங்க மாட்டார்கள் என்று எழுதி அதே பேட்சை ஐந்தாம் முறை அனுப்பினேன். அதே கேள்வி வந்தது. ஆறாம் முறை, கௌரவமான குடும்பத்தில் யாரும் ஆட்டத்தின் நடுவில் அப்படிச் செய்வதில்லை என்று எழுதினேன். அதற்கு அவர் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: “கெர்னலை மற்ற குடும்பங்களும் பயன்படுத்துகின்றன.” எவ்வளவு திமிர் இருக்க வேண்டும் பார். ஏழாம் முறை அனுப்புவதற்கு முன்னால் ஊர் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கடைக்காரரிடமே நேரில் போய்க் கேட்டேன்.

“அதெல்லாம் பிடுங்குவாங்க சார்” என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

“யாருங்க பிடுங்குவா?”

“தோக்கறவங்கதான். ஜெயிக்கறவன் ஏன் சார் பிடுங்கப்போறான்?”

எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவர்கள் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அத்தைக்கு எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“லிஃப்ட் நடுவுல நிக்கறப்போ யாருங்க கதவைத் திறக்கப்போறாங்கன்னு ஒரு பில்டிங் ஓனர் கேட்டாரே, அவர்கிட்ட மூணு மாசம் சண்டை போட்டது யாரு?”

அது வேறு என்று எழுதினேன்.

“கதவுக்குப் பூட்டு போடாம கையெழுத்து போடமாட்டேன்னு நின்னீங்க. அந்த ஆளு உங்களைப் பைத்தியம்னாரு.”

அது உயிர் சம்பந்தப்பட்டது, இது விளையாட்டு என்று எழுதினேன். “அப்ப அந்த ஓனரும் நீங்களும் ஒண்ணு” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். காது கேட்காதவளோடு வாக்குவாதம் பண்ணுவதில் உள்ள கஷ்டம், அவள் முதுகைத் திருப்பிக்கொண்டால் நம் கட்சி முடிந்தது.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல். உன் மாமனார் சொன்ன சொல் மாறாதவர் என்று சொல். அவர் கேட்பது காத்திருக்கிற கட்டளையை ரத்து செய்கிற ஒரே ஒரு வரி, அதைச் சேர்க்க எனக்குக் கை வலிக்காது. ஆனால் நடக்காத ஒன்றுக்கு வரி எழுதினால் நடக்கும் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், இந்த ஜென்மத்தில் இல்லை. என் மகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் பெருக வேண்டும்.

இப்படிக்கு,
நியாயத்தின் பக்கம் நிற்கிற
உன் மாமா

பி.கு.: மேலே எழுதிய எதையும் அந்த மனிதரிடம் சொல்லாதே. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியாகிவிட்டது. தபாலுக்குக் கிளம்புவதற்குள் ஒரு ரேஸ் ஆடலாம் என்று உன் அத்தை கூப்பிட்டாள். மூன்றாம் சுற்றில் அவள் என்னைவிட அரைச் சுற்று முன்னால் இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும். தனக்கு நிறைய நேரமிருக்கிறது என்று காட்டுவதற்காகப் புல்வெளியில் ஓட்டிக்கொண்டிருந்தாள். என் கார் சுவரில் மோதியது, கன்ட்ரோலர் கையில் உதறியது, அந்த நேரத்தில் வயர் கழன்றுவிட்டது. திரை அப்படியே உறைந்தது. கீபோர்டும் அசையவில்லை, மவுஸும் அசையவில்லை. நிறுத்தச் சொல்லும் கட்டளை போக வழியில்லாததால் உன் அத்தையின் கன்ட்ரோலர் மட்டும் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

“இது நிக்க மாட்டேங்குதே. பிடுங்கிட்டீங்களா?”

கால் பட்டுவிட்டது என்று சிலேட்டில் எழுதினேன்.

“காலு ரெண்டும் சோபா மேல இருந்துச்சு” என்றாள்.

அந்த ஒரு வரியைச் சேர்த்து ஏழாம் முறை அனுப்பிவிட்டேன். கோளாறைக் கண்டு சொன்னவர் பெயரைப் பேட்சில் போடுவது அவர்கள் வழக்கம். அந்த இடத்தில் உன் அத்தையின் பெயர் இருக்கிறது, அவள் வாய் திறக்காமல் இருப்பதற்கு வைத்த நிபந்தனை அது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது: “ஏற்றுக்கொண்டேன். மற்ற குடும்பங்களின் சார்பில் உங்கள் மனைவிக்கு நன்றி.” இனி எந்த அப்டேட் வந்தாலும் அவள் கையில் அதிரும், நான் கட்ட வேண்டியதில்லை. உறையை இதற்காகத்தான் கிழித்தேன். பட்டது கால்தான். உன் அத்தை வேறு மாதிரி மெசேஜ் அனுப்பினால் நம்பாதே.