தூக்குக்குண்டு மாஸ்டரும் கதவில்லாத கழிவறையும்

டைல்ஸ் கடையின் மாடியில் அன்றைக்கும் கூட்டம் அலைமோதியது. படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. கீழே டைல்ஸ் வாங்க வந்தவர்கள்கூட, மேலே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று வரிசையில் ஒட்டிக்கொண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் என்ன சாமானிய ஆட்களா? கட்டடம் வரைகிறவர்கள், பொறியாளர்கள், கான்ட்ராக்டர்கள். சுவரில் மயிரிழை விரிசல் கண்டாலும் காரணம் கேட்டுக் குடைந்தெடுக்கும் மூளைக்காரர்கள். அப்பேர்ப்பட்டவர்கள், கையில் சுருட்டிய வரைபடமும் கக்கத்தில் தலைக்கவசமுமாக, தங்கள் அலுவலகத்துக்கு எந்த மென்பொருள் ராசி என்று குறி கேட்கக் காத்திருந்தார்கள்.

மென்பொருளுக்குக் குறியா என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். வரைபடங்களையெல்லாம் இணையத்தில் கிளவுட் என்ற பொது இடத்தில் போட்டுவைத்தால், அலுவலகத்தில் வரைகிறவரும் சைட்டில் கட்டுகிறவரும் ஒரே தாளைப் பார்க்கலாம். அதற்கான மென்பொருள்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. எதை வாங்குவது? வாங்கிப் பார்த்துச் சோதிக்கலாம். ஆனால் அதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டுமே! யோசிக்கிற வேலையைத்தான் மாஸ்டர் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

மாஸ்டருக்குக் கழுத்துவரை மூடிய வெள்ளைக் கோட்டு. கையில் ஒரு நூல். நூலின் நுனியில் தங்க நிறத்தில் ஒரு குண்டு. வானத்திலிருந்து விழுந்த எரிகல்லைக் கடைந்து செய்ததாம். மென்பொருளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்தால், அதன்மேல் குண்டைத் தொங்கவிடுவார். ராசியில்லை என்றால் குண்டு சும்மா நிற்கும். ராசி என்றால் ஆடும். அவ்வளவுதான். அதோடு, இணையம் வேகமாக வர மோடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு செம்புத் தகடும் தருவார். தகட்டை ஒட்டிய ஒருவர், "ஒட்டினதிலிருந்து நெட்டு பறக்குது சார்!" என்று வரிசையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அதே வாரம் புது இணைப்பு மாற்றியதை மட்டும் சொல்லவில்லை. பாவம், மறந்திருப்பார்.

இந்த மாஸ்டரைத்தான் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்துக்கு அழைத்து வந்தார் அதன் முதலாளியின் மச்சான்.

அந்த அலுவலகம் ஒரு குடும்ப வியாபாரம். முதலாளி கட்டடத்தை வரைவார். அவர் தங்கச்சி, பொறியாளர். கம்பியும் தூணும் கணக்குப் போடுவாள். மச்சான், முதலாளி மனைவியின் தம்பி, கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டுவார். சைட்டில் நின்று வேலை வாங்குகிறவருக்கு 'ஹலோ' என்று பெயர். நாள் முழுக்கத் தரைக்குக் கீழுள்ள அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் "ஹலோ, ஹலோ" என்று கத்திக் கத்தி அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கும் என்று நம்புவோம்.

குடும்பத்தார் மூவரும் சேர்ந்து ஒரு சின்ன மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் அடித்தளத்தில் ஒரு கழிவறை. நாலு பக்கமும் சுவர், உள்ளே பளபளவென்று பீங்கான், அழகான கண்ணாடி. எல்லாம் இருந்தது, கதவு மட்டும் இல்லை. பழைய வரைபடத்தில் கதவு கிழக்கே. புது வரைபடத்தில் மேற்கே. ஹலோ கையில் இருந்ததோ, கிழக்குக் கதவை அழித்துவிட்டு மேற்குக் கதவை இன்னும் போடாத நடுவாந்திரத் தாள். அவர் தாளில் இருந்தபடி ஒழுங்காகக் கட்டினார். உள்ளே பூச்சு வேலை பார்த்த கொத்தனாரைச் சுவரை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள்.

பழி யார் தலையில் விழும்? ஹலோ தலையில்தான். "இன்னொரு தடவை ஏதாவது உடைக்க வேண்டி வந்துச்சு, நீ வீட்டுக்குக் கிளம்பிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஹலோவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணா, நாம பார்த்து வெச்ச மூணு மென்பொருளையும் இலவசமா சோதிச்சுப் பார்க்கத் தர்றாங்க. பார்த்துட்டு ஒண்ணை எடுப்போம்" என்றாள் தங்கச்சி.

"நமக்கெதுக்கும்மா அந்தத் தலைவலி? மாஸ்டர் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார்" என்றார் மச்சான். முதலாளி மச்சான் பக்கம் சாய்ந்தார். வீட்டில் மனைவியும் மச்சான் பக்கம் என்பதை அவர் யோசித்திருக்கலாம். அந்த யோசனை மட்டும் அவருக்கு ஒழுங்காக வரும்.

மாஸ்டர் வந்தார். அலுவலகமே வேலையை விட்டுவிட்டுக் கூட்ட அறையில் நெருக்கியடித்து நின்றது. பக்கத்து அலுவலகத்திலிருந்தும் நாற்காலியோடு வந்தார்கள். மேசைமேல் மூன்று தாள்கள்: வானமாளிகை, தேன்கூடு, ஒரேதாள். வானமாளிகையில் கட்டடம் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு சுழலும். முதலாளி அதன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாளாக அதையே பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டரைக் காரில் அழைத்து வரும்போது மச்சான் இதையும் சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

ஒரேதாள்மேல் குண்டு நின்றது. தேன்கூட்டின்மேலும் நின்றது. வானமாளிகைக்கு வந்ததும் முதலாளி மூச்சைப் பிடித்தார். குண்டு ஆடியது. ஆட்டமா அது, திருவிழா ராட்டினம் தோற்றது!

"ஆஹா!" என்றது கூட்டம். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

"மாஸ்டர் எங்க ஆபீஸ்ல தேன்கூடுதான் ராசின்னாரே" என்றார் பக்கத்து அலுவலகத்துக்காரர்.

"நீங்க மனசுக்குள்ள ஏற்கெனவே தேன்கூடுதானே நினைச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அட, ஆமாம்மா! அதையும் கரெக்டா கண்டுபிடிச்சுட்டார் பாரு!" என்று அவர் மெய்சிலிர்த்தார். இவரைப் போன்றவர்கள் இருக்கும்வரை மாஸ்டருக்கு என்ன குறை?

அந்த நேரம் முதலாளியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ! சார், ஹலோ! நாளைக்குக் காலையில முதல் மாடித் தளத்துக்கு கான்கிரீட் போடணும் சார். என் போன்ல நாலு தாள் இருக்கு. 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஃபைனல் நிஜமா', 'இதுதான் ஃபைனல்'. எது சார் ஃபைனல்?"

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் முதலாளியைப் பார்த்தார். "புது ஃபைனல்" என்று இவரும், "இதுதான் ஃபைனல்" என்று அவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

"சார், ஹலோ, தப்பாயிடுச்சுன்னா என் வேலை போயிடும் சார்!"

"ஏன் குழப்பம்? போனை இப்படி வைங்க" என்றார் மாஸ்டர். நாலு பெயரையும் தாளில் எழுதச் சொல்லிக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடியது. "ஃபைனல் நிஜமா!" என்று முழங்கினார். "நிஜம் இருக்கும் இடத்தில்தான் ராசி இருக்கும்."

தங்கச்சி தன் கணினியில் அதைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அண்ணா! இதுல மாடிப்படிக்கு ஓட்டையே விடல! படியை இடம் மாத்தறதுக்கு முன்னால பழைய ஓட்டையை மூடினேனே, அந்தத் தாள் இது. இப்படியே கான்கிரீட் போட்டா, படி ஏறிப் போற நோயாளி தளத்துல மண்டையை இடிச்சுப்பான்!"

"மாஸ்டர் சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்மா" என்றார் முதலாளி. "லிஃப்ட் போட்டுக்கலாம்."

கேட்டீர்களா? படி இல்லாத மருத்துவமனை கட்டத் தயார். மாஸ்டரைச் சந்தேகப்படத்தான் தயாரில்லை.

"நல்லது" என்றாள் தங்கச்சி. குரல் திடீரென்று தேனாக இனித்தது. அவளை அறிந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். "மாஸ்டர், எனக்கும் நம்பிக்கை வரணும்ல? மூணு மென்பொருள் பேரையும் கவருக்குள்ள போட்டு ஒட்டித் தர்றேன். ராசியானதை மறுபடி சொல்லுங்க. எரிகல்லுக்கு ஒரு கவர் தடையா என்ன?"

இத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? மாஸ்டர் தலையசைத்தார். அவள் தன் அறைக்குப் போய் மூன்று கவர்களை ஒட்டி எடுத்து வந்தாள். மாஸ்டர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளிக்கே எது எதென்று தெரியாததால் அவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், நடுக் கவர்மேல் குண்டு ஆடியது. இருக்கிற எல்லா ஆட்டமும் ஆடியது.

"இதோ வானமாளிகை! இது உங்கள் தொழிலையே தூக்கி நிறுத்தும். உங்கள் பழைய குறைகளையெல்லாம் துடைத்துவிடும்!"

தங்கச்சி கவரைப் பிரித்து மச்சானிடம் நீட்டினாள். "சத்தமா படிங்க."

மச்சான் படித்தார். "பேன்ட் ரெண்டு. சட்டை ஒண்ணு. கறை போகவில்லை."

அது சலவைக் கடைச் சீட்டு. மற்ற இரண்டு கவர்களில் ஒன்றில் பஸ் டிக்கெட், இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்தார். மாஸ்டர் மட்டும் அசரவில்லை. அந்தத் தொழிலில் வெட்கம் இருந்தால் பிழைக்க முடியாது.

"அவநம்பிக்கை இருக்கும் கை ஒட்டிய கவர். அதிர்வு கெட்டுவிட்டது. குண்டின் சக்தி குறையவில்லை!"

"ஓ, சக்தி குண்டுல இருக்கா, உங்க விரல்ல இருக்கா?"

"குண்டில்தான்! எரிகல்!"

"அப்போ உங்க விரல் எதுக்கு? பாவம், அதுக்கு ஓய்வு குடுப்போம்." அவள் நாற்காலிமேல் ஏறினாள். மேசைக்கு நேர் மேலே பழைய விளக்கு தொங்கிய கொக்கி ஒன்று இருந்தது. மாஸ்டர் சுதாரிப்பதற்குள் குண்டை வாங்கி அதில் மாட்டினாள். கீழே தன் கையாலேயே 'வானமாளிகை' என்று பெரிதாக எழுதி வைத்தாள்.

குண்டு கொஞ்சம் ஆடியது. ஆட்டம் குறைந்தது. நின்றது.

எல்லோரும் பார்த்தார்கள். தாளை மாற்றினாள், அசையவில்லை. முதலாளி மூச்சைப் பிடித்துக்கூடப் பார்த்தார், முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"கான்ட்ராக்டர் சார்" என்று அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "சுவர் நேரா இருக்கான்னு பார்க்க தூக்குக்குண்டு பிடிக்கிறீங்க. அது ஆடிட்டு இருக்கும்போதே கொத்தனார் அளவு எடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"அறைவேன்" என்றார் மச்சான், பழக்கதோஷத்தில். "குண்டு நின்னப்புறம்தானே எடுக்கணும்! ஆடற குண்டு என்னத்தைச் சொல்லும்?" சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஆயுள் முழுக்கக் குண்டு பிடித்தவர். முகம் காதுமடல் வரைக்கும் கறுத்துவிட்டது.

அப்படியே அவர் பார்வை குண்டில் குத்திட்டது. கொக்கியில் உரசியதில் தங்கப் பூச்சு உரிந்து, மேல் விளிம்பில் ஒரு வெட்டுக்காயம் பளிச்சென்று தெரிந்தது.

"யோவ்! இது நம்ம சைட்டுக் குண்டுய்யா! முன்னால ஒரு சைட்ல மூணாவது மாடியிலேருந்து விழுந்து வெட்டுப்பட்டது! போன மாசம் கட்டடம் பார்க்கணும்னு வந்தியே, அன்னைக்குத்தான் காணாமப் போச்சு. எரிகல்லாம் எரிகல்லு!"

மாஸ்டருக்கு அப்போதுதான் வேறொரு அவசர வேலை ஞாபகம் வந்தது. வெள்ளைக் கோட்டு கதவில் மாட்டிக்கொண்டது. கோட்டை விட்டுவிட்டு ஓடினார். நல்லவேளை, அந்த அறைக்குக் கதவு இருந்தது.

"ஹலோ? சார்? எது ஃபைனல் சார்?" போன் இன்னும் மேசைமேல் அழுதுகொண்டிருந்தது.

"எதுவும் இல்ல. நாலையும் விடுங்க" என்றாள் தங்கச்சி. "சரியான தாளையும் பழைய தாள்களையும் மூணு மென்பொருள்லயும் போடறேன். மேல நின்னு மூணையும் திறங்க. அப்புறம் அடித்தளத்துக்கு இறங்கி மறுபடி திறந்து பாருங்க. எது தெரியுதோ சொல்லுங்க."

சற்று நேரம் கழித்து ஹலோ அடித்தளத்திலிருந்து மேலே ஓடி வந்து போனில் மூச்சிரைக்கப் பேசினார். "மேடம், வானமாளிகை சுத்துது, சுத்துது, இன்னும் சுத்துது. தேன்கூடு, போனுக்கு வர்ற ரகசிய எண்ணைப் போடுங்குது. கீழே போனுக்குச் சிக்னலே இல்ல, எண் எங்கேருந்து வரும்? ஒரேதாள் மட்டும் பட்டுனு திறந்துச்சு. மேலே இருந்தப்பவே போன்ல இறக்கி வெச்சுக்கிச்சு போல. பழைய தாள் மேலெல்லாம் 'பழையது'ன்னு குறுக்கே எழுதியிருக்கு. புதுசு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மேடம், எது ஃபைனல்னு கேட்கவே வழியில்ல!" அந்த மனிதர் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

மறுநாள் காலை கான்கிரீட் விழுந்தது. ஓட்டை, ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஹலோ வேலையும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவர் மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார்.

முதலாளி மட்டும் சாயங்காலம் தங்கச்சியிடம் மெல்ல வந்தார். "ஏம்மா, ஒரேதாள்தான் ராசின்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணல அண்ணா. சோதிச்சேன்."

அவருக்கு அது புரிய இன்னும் கொஞ்ச நாளாகும். டைல்ஸ் கடை மாடியில் இப்போது வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். தளம் மட்டமா என்று பார்க்கும் ரசமட்டத்தின் நீர்க்குமிழியைப் பார்த்துப் பலன் சொல்கிறாராம், வரிசை தெரு முனைவரை நிற்கிறதாம். நிற்கிற பெரியவர்களே, கட்டிய சுவரை நம்பாமல் குண்டு பிடித்துப் பார்க்கிறீர்களே, குண்டு பிடிக்கிறவனையும் ஒரு தரம் பிடித்துப் பார்த்தால் உங்கள் மூளை என்ன தேய்ந்தா போய்விடும்?