கொலு வீட்டில் நான் எழுந்திருக்காத கதை

மேற்குத் தாம்பரம்,
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்புள்ள தட்சிணாமூர்த்தி அண்ணாவுக்கு,

தங்கை சுப்ரஜா நமஸ்காரம். நான் சௌக்கியம். எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் சௌக்கியம்தான். வாட்ஸப்பில் அனுப்பினால் பாதியைப் படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

பட்டு மாமி வீட்டுக் கொலுவில் என்னை நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகும் வீடியோ எப்படியோ நம் குடும்பக் குழுவுக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்ததும், இவள் தனியாக இருந்தது போதும் என்று நீ தீர்மானித்து, வெள்ளிக்கிழமை வந்து என்னைத் திருச்சிக்கே கூட்டிப் போக இருவருக்கும் திரும்பும் டிக்கெட் வரை போட்டுவிட்டாயாம். எனக்கு இந்த ஊர் வேண்டும் அண்ணா, காட்டாங்குளத்தூர் கல்லூரி நூலக வேலையும் வேண்டும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இந்த மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்னோடு குடிவந்து வருஷக்கணக்காகிறது. முதுகில் ஷாக் அடிப்பதும், விலாவைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்குவதும் பழகிவிட்டன. நரம்பு டாக்டரின் மாத்திரை, பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சி, நடுவில் கொஞ்சம் படுக்கை என்று ஓட்டிவிடுகிறேன். எனக்கு ஒரே எதிரி சூடு. உடம்பு சூடானால் கால் துவண்டுவிடும், ஆறினால் திரும்பி வந்துவிடும். இது எதிர் பிளாட் பட்டு மாமிக்கு ஏறவே ஏறாது. முதுகுவலி என்று சொன்னால் வெந்நீர் ஒத்தடத்தோடு நிற்பார். வேண்டாம் என்றால் சூடு போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அடுப்பில் வைப்பார்.

அன்றைக்கு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். மாமி விடவில்லை. "பாடறவா ஜமக்காளத்துல உக்காந்தாதான்டி அம்பாளுக்குக் கேக்கும்" என்றார். உட்கார்ந்தேன். விளக்கு அணைந்துவிடுமாம், ஃபேனையும் நிறுத்தினார். முதல் பாட்டு முடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, கால் இரண்டும் யாருடையவோ ஆகிவிட்டன, முதுகு பளீர் பளீரென்று வெட்டியது, எழுந்திருக்க முடியவில்லை என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வெட்கம், இன்னொரு பாட்டுப் பாடினால் கால் வந்துவிடும் என்று பாடினேன், வரவில்லை, அதற்குள் மாமி "மங்களம் பாடிடேன்" என்கிறார், மங்களம் பாடினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், நான் மட்டும் பொம்மையோடு பொம்மையாக உட்கார்ந்திருக்க வேண்டும், ஆகவே மங்களத்தைத் தவிர தெரிந்த எல்லாவற்றையும் பாடினேன், அம்பாள் பாட்டு தீர்ந்து முருகனுக்கு வந்து, முருகனும் தீர்ந்து, கடைசியில் எங்கள் நூலக விதிமுறைகளை மோகனத்தில் இழுத்தேன். 'புத்தகத்தின் ஓரத்தை மடிக்கலாகாது' என்ற இடத்தில் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து பிளாட் ஜஹீராவுக்குத்தான் விஷயம் விளங்கியது. நேராகப் போய் ஃபேனைப் போட்டாள். விளக்கு அணைந்தது. மாமி நெஞ்சில் கை வைத்தார். "விளக்க திருப்பி ஏத்திக்கலாம் மாமி, அக்காவுக்கு இப்ப காத்து வேணும்" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டு ஃப்ரீசரிலிருந்து ஈரத் துண்டைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டாள். அப்புறம்தான் அந்த நாற்காலி ஊர்வலம். வீடியோவில் நான் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அழுகை என்று மன்னி சொன்னாளாம். சிரிப்பு அண்ணா. வலியும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாளே மாமி விளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு வாங்கிவிட்டார். தன் ஃப்ரீசரிலிருந்து ஐஸ்கிரீமைக் காலி செய்துவிட்டு எனக்குத் துண்டு மடித்து வைத்திருக்கிறார். ஒத்தடம் கொடுக்காமல் இருக்க முடியாதவர், இப்போது குளிர்ந்த ஒத்தடத்தோடு வருகிறார். மார்கழியிலும் விடமாட்டார் என்று பயமாக இருக்கிறது. அடுத்த கொலுவுக்கு அந்த மோகனக் கீர்த்தனை கட்டாயம் வேண்டுமாம். இவர்களை விட்டுவிட்டு நான் எதற்காக வரவேண்டும்? ஆகவே நீ வர வேண்டாம். எல்லா டிக்கெட்டையும் ரத்து செய்துவிடு.

மன்னியின் முழங்கால் வலியும் உன் கோபமும் சீக்கிரம் தணிய குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை,
சுப்ரஜா

பின்குறிப்பு: இதை ஜஹீராவுக்குப் படித்துக் காட்டினேன். "வர வேணாம்னா எழுதிருக்கீங்க? வலி வந்தா எல்லாரும் அம்மான்னு கத்துவாங்க. நீங்க அண்ணான்னுதான் கத்தறீங்க. சுவத்துக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேக்குது" என்றாள். சத்தியமாக எனக்கு இது தெரியாது அண்ணா. வெள்ளிக்கிழமை வா. எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடு. திரும்பும் டிக்கெட்டில் மட்டும் என் பெயரை எடுத்துவிடு.